கொழும்பில் எதை, எப்போது: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கைக்கு விடுமுறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கொழும்பில் ஓர் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் எல்ல, சீகிரியா, அறுகம்பை என்று ஓடிவிடுகிறார்கள். கேட்டால், "கொழும்பில் என்ன இருக்கிறது, வெயிலும் வாகன நெரிசலும்தானே" என்பார்கள். நண்பகலில் கடலோரக் காலி முகத்திடலில் போய் நின்றவர் வேறென்ன சொல்வார்? அந்த நேரத்தில் அங்கே காகம்கூட நிழல் தேடித்தான் உட்கார்ந்திருக்கும்.

இந்த நகரத்தில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் காரியம். காலையில் கலகலப்பாக இருக்கும் தெரு பிற்பகலில் அடுப்பாகக் கொதிக்கும். பகலில் வழக்கறிஞர்கள் நடமாடும் வீதி இரவில் சாப்பாட்டு வீதியாகிவிடும். முழுதாக மூன்று நாள் ஒதுக்குங்கள். இரண்டு நாள்தான் முடியும் என்றால் கீழே உள்ளதில் கடைசி நாளை விட்டுவிடலாம்.

புறப்படும் முன்

விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன. குடிவரவுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் மட்டும் பார்த்து விண்ணப்பியுங்கள். அதேபோலத் தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். கூடுதலாகக் காசு கறப்பதற்கென்றே நடத்தப்படுபவை அவை.

கொழும்புக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மழை குறைவு, கடலும் அடங்கியிருக்கும். ஏப்ரலில் புழுக்கம் ஆளை உருக்கிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிக்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். மழைக்காலத்தில் வரவே கூடாது என்பதில்லை. பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும். ஆனால் குடை, கொசுவிரட்டிக் களிம்பு இரண்டும் பையில் இருக்க வேண்டும். டெங்கு இங்கே விளையாட்டல்ல.

நாட்காட்டியில் இரண்டு விடயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, பௌர்ணமி. ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே போயா விடுமுறை. மதுபானம் எங்கும் விற்கமாட்டார்கள், பல கடைகள் பூட்டியிருக்கும். ஆனால் மே மாதத்து வெசாக் போயாவைத் தவறவிடாதீர்கள். அந்த நாட்களில் வெசாக் கூடுகளும் மின்விளக்குத் தோரணங்களுமாக நகரமே ஒளிரும்; தன்சல் என்று தெருவோரப் பந்தல்களில் சோறும் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் இலவசமாகத் தருவார்கள். நீங்கள் யார், எந்த ஊர், எந்த மதம் என்று எவரும் கேட்பதில்லை. வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுங்கள்.

இரண்டாவது, ஏப்ரல் 13, 14. சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பில் பாதிப்பேர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். கடைகள் சில நாட்களுக்குத் திறப்பதில்லை. வெறிச்சோடிய வீதியில் நடப்பது சுகம்தான், ஆனால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டிவரும்.

கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் நுழைந்து பார்க்கக்கூடிய நகரம் இது. தோளையும் முழங்காலையும் மறைக்கும் பருத்தி உடை இரண்டு மூன்று, சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு ஒரு சோடி போதும்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு

விமானம் இறங்குவது கொழும்பில் அல்ல, வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள கட்டுநாயக்கவில். வெளியே வருவதற்கு முன்பே வங்கிக் கருமபீடங்களும் தொலைபேசி நிறுவனங்களின் கருமபீடங்களும் இருக்கின்றன. கொஞ்சம் பணத்தை மாற்றி, ஒரு சிம் அட்டையும் வாங்கிவிடுங்கள். மாற்றும்போதே 100, 500 ரூபாய்த் தாள்களாகக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் ஓட்டோக்காரரும் இளநீர்க்காரரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நகருக்கு வர மூன்று வழி. பிக்மீ, ஊபர் செயலிகளில் கார் அழைக்கலாம். நிலையத்துக்குள்ளேயே உள்ள டாக்சிப் பீடத்தில் கட்டணம் கட்டிப் பற்றுச்சீட்டோடு வரலாம். அல்லது 187 இலக்க பஸ்ஸில் மிகச் சொற்பக் காசுக்கு வரலாம். பஸ் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத் தகவல் பீடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எதில் வந்தாலும் 2013இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையால் வருகிறதா என்று கேளுங்கள். பழைய நீர்கொழும்பு வீதியால் வந்தால் நேரம் இரட்டிப்பாகும்.

எங்கே தங்குவது

கொழும்பு நகரம் 1 முதல் 15 வரை இலக்கமிடப்பட்ட பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கோட்டை 1, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13. இவை தெரிந்தால் முகவரி கேட்டுத் திண்டாடமாட்டீர்கள். 1, 3, 4, 6 நான்கும் கடற்கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே வரிசையாக வருகின்றன. கொள்ளுப்பிட்டி முதல் வெள்ளவத்தை வரை காலி வீதி முதுகெலும்பாக ஓட, அதிலிருந்து கடலை நோக்கி ஒழுங்கைகள் இறங்குகின்றன.

தமிழ் பேசுவோருக்கு நான் சொல்வது வெள்ளவத்தைதான். சைவச் சாப்பாட்டுக் கடைகள், தமிழில் விலை சொல்லும் மரக்கறிக் கடைக்காரர், பூக்கடை, கோயில் மணி, ரயில் நிலையம், கடல் எல்லாம் நடை தூரத்தில். வாடகை அறைகளும் சிறு விடுதிகளும் ஒழுங்கைகளில் நிறைய உண்டு. பெயர் போன பெரிய ஹோட்டல்கள் கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் இருக்கின்றன. வசதி இருந்தால் தங்குங்கள். ஆனால் அங்கே காலை ஆறரைக்கு, வெளியே இறங்கியவுடன் சுடச்சுட இடியப்பம் கிடைக்காது.

பஸ், ரயில், ஓட்டோ

காலி வீதியில் மேலும் கீழும் போக 100, 101 இலக்க பஸ்கள் போதும். இரண்டும் புறக்கோட்டையிலிருந்து புறப்பட்டுக் கரையோரமாகத் தெற்கே போகின்றன. முதலாவது பாணந்துறை வரை, இரண்டாவது மொறட்டுவை வரை. ஏறி உட்கார்ந்தால் நடத்துனர் வந்து காசு வாங்குவார். முன்வரிசை ஆசனங்கள் மதகுருமாருக்கானவை. காலியாக இருந்தாலும் உட்காராமல் இருப்பது நல்லது. மீதிக் காசை நடத்துனர் பிறகு தருவதாகச் சொன்னால், இறங்குமுன் நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். காலி வீதி சில பகுதிகளில் ஒருவழிப் பாதை. போன பஸ்ஸுக்கு எதிர்ப்புறம் நின்று எவ்வளவு நேரம் காத்தாலும் திரும்பும் பஸ் வராது. ஒரு தெரு உள்ளே தள்ளி, டுப்ளிகேஷன் வீதியில் போய் நிற்க வேண்டும்.

ஓட்டோவைச் செயலியில் அழையுங்கள். தெருவில் மறித்தால் மீட்டர் இருக்கிறதா, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். காலி முகத்திடல் பக்கம் ஒருவர் நல்ல சிரிப்போடு வந்து, "இன்று மட்டும் ஒரு கோயிலில் யானை ஊர்வலம், இன்னும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று சொன்னால் நீங்களும் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். யானை இருக்காது. இரத்தினக்கல் கடை இருக்கும், கட்டணம் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

ரயிலைப் பற்றி மாலைப் பகுதியில் சொல்கிறேன். அவசரத்துக்கு மூன்று இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி 1912.

முதல் நாள் காலை: புறக்கோட்டை

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வார நாளில் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் போய்ச் சேருங்கள். பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கினால் எதிரே பிரதான வீதி. அதற்குக் குறுக்காக முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து ஐந்தாம் குறுக்குத் தெருவரை வரிசையாக வெட்டுகின்றன. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வியாபாரம். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள். துணிமணி அடுத்தடுத்த தெருக்களில். நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு என்று மொத்த வியாபாரம். கெபோஸ் ஒழுங்கையில் ஆயுர்வேத மருந்துச் சரக்கு. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். கைவண்டியில் மூட்டை ஏற்றி வரும் நாட்டாமிமாருக்கு எப்போதும் வழிவிடுங்கள். அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் நிமிர்ந்து பார்க்காமல் போகவே முடியாத கட்டடம் ஒன்று: ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கற்பட்டைகள், மாதுளம்பழ வடிவில் குவிமாடங்கள். தொழுகை நேரம் தவிர்த்துப் போனால் உள்ளே பார்க்க அனுமதிப்பார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் வேண்டாம். படம் எடுப்பதானால் காலை வெளிச்சம் நல்லது. வாகனங்கள் தெருவை அடைப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

அங்கிருந்து செட்டியார் தெரு. தங்கம் வாங்கும் எண்ணமில்லாவிட்டாலும் நடந்து போங்கள். நகைக்கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் விழாவுக்கு வேல் தாங்கிய தேர் இந்தத் தெருவிலிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். ஆடி மாதத்தில் வருபவர்கள் தேதியை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலை. ஈழத்து நூல்கள் தேடுபவர் கொஞ்சம் கூடுதலாக நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கால் வலிக்கவில்லை என்றால் கொச்சிக்கடை வரை நடக்கலாம். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை 1857இல் பொன்னம்பல முதலியார் அமைத்தார். அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பிற்பாடு முழுக்கக் கருங்கல்லால் எடுப்பித்தார். வெளியே புழுதியும் லொறி இரைச்சலும். உள்ளே காலெடுத்து வைத்தால் கல் குளிர்ந்திருக்கும், தூண்களுக்கிடையே வெளிச்சம் மங்கலாக விழும், பேச்சு தானாகவே தாழ்ந்துவிடும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுப் போவது வழக்கம். நண்பகலோடு நடை சாத்திவிடுவார்கள், அதனால்தான் காலை என்று வற்புறுத்துகிறேன்.

பக்கத்திலேயே அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமைகளில் சைவர், பௌத்தர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் மெழுகுதிரியோடு வருவார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த ஆலயங்களில் இதுவும் ஒன்று. உள்ளே பைகளைச் சோதிப்பார்கள், பொறுமையாகக் காட்டுங்கள்.

மதியம்: சோறு, பிறகு கூரை

பன்னிரண்டு மணி முதல் இரண்டு வரை சோற்று நேரம். இரண்டு மணிக்குப் பிறகு போனால் கறிச்சட்டி வழித்து வைத்திருப்பார்கள். சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் சோற்றோடு பருப்பு, ஒரு கீரைச் சுண்டல், இரண்டு மரக்கறி, பப்படம், மேலே மீனோ கோழியோ. உறைப்பைப் பற்றிப் பெருமைப்படுபவர்களும் முதல் நாள் கொஞ்சம் பார்த்துச் சாப்பிடுவது நல்லது.

ஒரு மதியத்தையாவது லாம்ப்ரைஸுக்குக் கொடுங்கள். டச்சுக்காரர் வழிவந்த பறங்கியரின் சாப்பாடு இது. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, இறைச்சிக்கறி, பொரித்த இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, இறால் அரைத்துச் செய்த பிளாச்சான் எல்லாவற்றையும் வாழையிலையில் வைத்துப் பொதியாகக் கட்டி, மறுபடி ஓவனில் சுடுவார்கள். பொதியைப் பிரிக்கும்போது வாடிய வாழையிலை மணம்தான் முதலில் வரும். பிறகு ஒவ்வொரு கறியும் சோற்றின் ஒவ்வொரு மூலைக்கு ஊறியிருப்பது தெரியும். எல்லாவற்றையும் பிசைந்துவிடாமல் மூலை மூலையாகச் சாப்பிடுங்கள். டச்சு பேகர் யூனியனிலும், கொள்ளுப்பிட்டி கிரீன் கேபினிலும் கிடைக்கும். தீர்ந்துபோவதுண்டு, முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது மேல். சைவர்கள் இந்த இடத்தில் இன்னொரு தட்டுச் சோற்றோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

சாப்பிட்டதும் வெயிலில் இறங்காமல் கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய அரும்பொருட் காட்சியகத்துக்குப் போங்கள். 1877இல் திறந்த வெள்ளை மாளிகை, முன்னால் பெரிய ஆலமரம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். கண்டி மன்னரின் சிம்மாசனமும் முடியும் இங்கேதான் இருக்கின்றன. அந்தச் சிம்மாசனத்தில் கடைசியாக அமர்ந்த சிறி விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவன். 1815இல் பிடிபட்டு வேலூரில் சிறையிருந்து அங்கேயே இறந்தான். ஆங்கிலேயர் கொண்டுபோன சிம்மாசனம் 1934இல்தான் திரும்பி வந்தது.

ஆனால் தமிழர் எவரும் தவறவிடக்கூடாதது ஒரு கல். கீழ்த்தளத்தில் கல்வெட்டுகள் உள்ள பகுதியில் கேளுங்கள், காலி மும்மொழிக் கல்வெட்டு எங்கே என்று. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. அதில் உள்ள ஆண்டு 1409. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கைகளை வரிசையாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். சீனப் பேரரசரின் ஆட்கள் இந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே தமிழில் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். 1911இல் காலியில் இந்தக் கல் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்தது. எழுத்து தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து நின்று பார்த்தால் சில தமிழ் எழுத்துகளின் வளைவு பிடிபடும்.

வெளியே வந்தால் விகாரமகாதேவி பூங்கா. மர நிழலில் அரை மணி நேரம் உட்காரலாம். அதற்கு மேல் அங்கே வேலையில்லை.

நான்கு மணிக்குத் தேநீர். சாதாரணத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் கேட்காமலேயே ஒரு தட்டு நிறையச் சோர்ட் ஈட்ஸ் கொண்டுவந்து வைப்பார்கள்: ரோல்ஸ், கட்லட், மீன் அடைத்த முக்கோண மாலு பணிஸ், பற்றிஸ். முழுத் தட்டுக்கும் காசு கேட்பார்களோ என்று பதற வேண்டாம். சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்கள். கூடவே இஞ்சி போட்ட பிளேன்டீ சொல்லுங்கள்.

மாலை: கடல்

ஆண்டு முழுவதும் கொழும்பில் மாலை ஆறு மணியை ஒட்டியே சூரியன் இறங்குகிறது. ஐந்தரைக்குக் காலி முகத்திடலில் இருங்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்து முடித்த திடல் இது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணுமாறு தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல் நாட்டிவிட்டுப் போனார். இன்றும் பட்டம் விடும் பிள்ளைகளும் பட்டம் வாங்கிக் கொடுக்கும் தாய்மாரும்தான் திடலை நிறைக்கிறார்கள். 2022இல் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டு ஓடவைத்த போராட்டக்காரர் கூடாரமடித்திருந்ததும் இந்தத் திடலோரம்தான். வடக்கே கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் தெரியும். அது கண்ணை உறுத்தினால் தெற்கே திரும்பி நில்லுங்கள். இங்கே கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள்.

நீங்கள் இங்கே சாப்பிட வேண்டியது இறால் வடை. பருப்பு வடையைத் தட்டையாகத் தட்டி, அதன் மேல் தலையும் மீசையுமாக முழு இறால்களைப் பதித்துப் பொரிப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீர்கள்; அது மதியத்துச் சரக்காக இருக்கலாம். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று, இப்போது போடுவதில் ஒன்று என்று கேளுங்கள். எடுத்ததும் கத்தரியால் துண்டாக்கி, வெங்காயமும் மிளகாய்க் குழம்பும் மேலே ஊற்றித் தருவார்கள். இறால் ஓடு பல்லில் நொறுங்க வேண்டும். தொய்ந்திருந்தால் பழசு. கூடவே அன்னாசி, மாங்காய், அம்பரெல்லாய் அச்சாறும் விற்பார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தூக்கலாக இருக்கும்.

இரண்டாம் நாள் மாலையைக் கரையோர ரயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை நிலையத்தில் கல்கிசைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து, வலப்பக்க யன்னலோரம் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையே கருங்கற்கள் மட்டும்தான். சில இடங்களில் உப்புத் தூறல் முகத்தில் தெறிக்கும். ஆனால் நாலரைக்கும் ஆறரைக்கும் இடையே வார நாளில் ஏறினால் கடலையல்ல, அலுவலகம் முடிந்து வீடு திரும்புபவர்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். மூன்று மணி ரயிலில் போங்கள். கதவில் தொங்கிக்கொண்டு படமெடுக்கும் வேலை வேண்டாம், ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

கல்கிசையில் மணற்பரப்பு உண்டு. கடல் அடங்கிய மாதங்களில் இடுப்பளவு நீரில் நிற்கலாம். சிவப்புக் கொடி கண்டால் கால் நனைப்பதோடு சரி. செவ்விளநீர் ஒன்று வெட்டச் சொல்லிக் குடியுங்கள். தண்ணீர் முடிந்ததும் காயைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டாகப் பிளந்து, ஓட்டிலிருந்தே ஒரு சீவலை வெட்டிக் கரண்டியாகத் தருவார். வழுக்கையை வழித்துத் தின்ன.

தாமரைக் கோபுரத்தைப் பற்றிக் கேட்பார்கள். சுமார் 350 மீற்றர், 2022இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மேலிருந்து நகரமும் துறைமுகமும் பேரை வாவியும் நன்றாகத் தெரியும். ஏறாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பேரை வாவியின் மேல் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகம் என்ற பௌத்த மண்டபமும் அருகே கங்காராமய விகாரையும் அதைவிட எனக்குப் பிடிக்கும். அந்தி நேரத்தில் நீர்மேல் விளக்குகள் ஏற்றும்போது போங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுப்பது இங்கே பெரிய அவமரியாதை. உடலில் புத்தர் உருவம் பச்சை குத்தியவர்களைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

இரவு: அப்பமும் கொத்தும்

தெருக்கடைகளில் அப்பச்சட்டி பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் அடுப்பேறும். முதலில் ஒரு வெறும் அப்பம், பிறகு முட்டை அப்பம், கடைசியாகப் பால் அப்பம் என்று போங்கள். ஓரம் மொறுமொறுவென்று பிரிய வேண்டும், நடு மெத்தென்று இருக்க வேண்டும். தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல்: வெங்காயம், மிளகாய், மாசி, தேசிக்காய்ப் புளி. சைவம் என்றால் மாசி போடாததைக் கேட்டு வாங்குங்கள். பல கடைகளில் மாசியைக் கருவாடாகவே கணக்கில் எடுப்பதில்லை. வாசனைக்குப் போடுவது என்பார்கள்.

கொத்து ரொட்டியை முதலில் காதால்தான் அறிவீர்கள். சூடான தகட்டில் இரண்டு இரும்புத் தகடுகள் ஒரு தாளத்தில் விழும் ஓசை இரண்டு தெருவுக்குக் கேட்கும். கொடம்பா ரொட்டியைத் துண்டாக்கி, லீக்ஸ், கரட், முட்டை, கோழிக்குழம்பு சேர்த்து அங்கேயே கொத்துவார்கள். உங்கள் கண்முன் கொத்துவது ஒன்று, முன்பே கொத்திக் குவித்து வைத்ததைச் சூடாக்கித் தருவது மற்றொன்று. கூட்டமுள்ள கடையில் நின்றால் முதலாவது கிடைக்கும். குழம்பைத் தனியாகவும் கொஞ்சம் கேளுங்கள். கொள்ளுப்பிட்டியில் பிலாவூஸ் கடையின் சீஸ் கொத்துக்கு நள்ளிரவிலும் ஆட்கள் வருவார்கள். எனக்கு அது கொஞ்சம் திகட்டும். இடியப்பக் கொத்து வயிற்றுக்கு இதம்.

புதுக்கடை என்ற பகுதியில்தான் நான் முதலில் சொன்ன வழக்கறிஞர் வீதி. பகலெல்லாம் உயர்நீதிமன்றமும் கறுப்புக் கோட்டுகளும். இருட்டியதும் அப்துல் ஹமீது தெருவில் மேசைகள் இறங்கும். பாயா, சுட்ட இறைச்சி, ரொட்டி வகைகள், பலூடா, பழரசம். எட்டு மணிக்கு முன் போனால் இன்னும் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். நான்கு பேராகப் போய் ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிப் பங்கிடுவதுதான் முறை. இனிப்புக்கு வட்டிலப்பம்: தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலக்காய். வேறெங்காவது ஹோட்டலில் சாப்பிட்டு ஏமாந்திருந்தால் இங்கே மறுபடி முயன்று பாருங்கள்.

மூன்றாம் நாள்: வெள்ளவத்தையும் கடைத்தெருவும்

காலையில் இடியப்பம், சொதி, தேங்காய்ப்பூச் சம்பல். ஒன்பதரைக்கு முன் சாப்பிட்டு முடியுங்கள். பிறகு 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போகலாம். 1942இல் தொடங்கியது, நல்ல நூலகம் உண்டு, மாலை வேளைகளில் உரைகளும் வெளியீடுகளும் நடக்கும். முகப்பில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தால் அன்றைய நிகழ்ச்சி தெரியும். கட்டடக்கலை பிடித்தவர்கள் முன்கூட்டியே பதிவு செய்து, பாவா வாழ்ந்த பகத்தலை வீதிப் பக்கத்து வீட்டைப் பார்க்கலாம். பௌத்த ஓவியம் பிடித்தவர்களுக்குக் களனி விகாரை.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. தேயிலை வாங்கினால் பொதியில் சிங்க இலச்சினை இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கைத் தேயிலை மட்டும், இலங்கையிலேயே பொதி செய்தது என்பதற்கு அடையாளம் அதுதான். அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழ்ப் பெண்கள். கறுவாவைப் புறக்கோட்டை மளிகைக் கடையில் வாங்குங்கள். நல்ல கறுவாவின் குச்சியை முனையில் பார்த்தால் கடதாசி மெல்லிசில் பல பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினால் பொடிந்துவிடும். ஒரே தடித்த பட்டை மட்டும் சுருண்டிருந்தால் அது வேறு சாதி. கைத்தறித் துணிகளுக்கு காலி வீதியில் பெயர்புட்; விலை அதிகம், ஆனால் நிறம் போகாது.

திரும்பும்போது

இரவு விமானம் என்றால் மாலை நாலரை முதல் ஏழு வரை நகருக்குள்ளிருந்து புறப்படாதீர்கள். அதிவேகப் பாதை ஏறும் வரைதான் தொல்லை, ஆனால் அந்தச் சில கிலோமீட்டரிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். மூன்று மணிக்கே கிளம்பி நீர்கொழும்பில் இறங்கி, கடற்கரையில் கருவாடு காயவைக்கும் இடங்களைப் பார்த்துவிட்டு, இராச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு கட்டுநாயக்க போவது நல்ல ஏற்பாடு, கிட்டத்தான். கித்துள் பாணிப் போத்தலும் அச்சாறு போத்தலும் கைப்பையில் இருந்தால் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். மூடியை இறுக்கி, ஒரு சாரத்தில் (லுங்கியில்) சுற்றிப் பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.